அணை மட்டும் போதுமா?

தாமோதர் நதி என்றதும் நம்மவர்க்கு நிலக்கரி நினைவுக்கு வரும்; வங்கத்தார்க்கோ வெள்ளம் நினைவுக்கு வரும். "வங்கத்தின் துயரம்" என்றே அதனை அவர்கள் அழைத்து வந்தனர். 1943இல் கரையுடைத்துப் பெருகிய வெள்ளம், கல்கத்தா செல்லும் இருப்புப்பாதையையும் சாலையையும் துண்டித்தது. அதன் விளைவாக 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. திலையா, கோனார், மைத்தோன், பாஞ்சேத் என நான்கு அணைகள் 1953 முதல் 1959க்குள் எழுந்தன. முதலில் வகுத்த திட்டத்தில் இருந்தவையோ எட்டு!

சென்ற மழைக்காலத்தில் தன்பாதிலிருந்து நண்பர்களுடன் மைத்தோன் சென்றேன். அணையின் பெருமையைப் பேசிக்கொண்டே போன நான், பராக்கர் ஆற்றின் நிறம் கண்டு வாயடைத்து நின்றேன். வந்தது நீர் மட்டுமன்று, கரைந்த நிலம்.

காரணம் யாது? சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் பெரும்பகுதி கருங்கல்லும் நைஸ் பாறையும். பாறை வெடிப்பிலும், மேலே மக்கிய மண்ணிலும் அன்றி நீர் தங்க இடமில்லை. ஆண்டு மழையின் பெரும்பங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் கொட்டிவிடுகிறது. காடழிந்த சரிவில் விழும் மழை உள்ளே இறங்காது, மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. அம்மண் படியுமிடம் நீர்த்தேக்கம். வண்டல் ஏற ஏற, வெள்ளம் தாங்கும் இடம் குறைகிறது. கோடையிலோ மேட்டுச் சிற்றூர்களின் கிணறுகள் வறள்கின்றன. வெள்ளமும் வறட்சியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

அணை வேண்டாம் என்பதன்று என் கட்சி. கட்டாது விட்ட அணைகளையும் கட்டினால் துயர் தீரும் என்பாரும் உளர். கட்டுவோம், ஆனால் சரிவுகளைக் காவாவிடில் அவையும் தூர்ந்துபோகாவோ? மேட்டில் மரம் வளர்த்தலும், சரிவுக்குக் குறுக்கே வரப்பிடுதலும், இவ்வட்டாரத்தார் 'டோபா' எனும் சிறு குட்டைகள் வெட்டுதலும் அணைக்கு ஆயுள் தரும் மருந்துகள். கழகத்தின் மண்காப்புத் துறை ஹசாரிபாக்கிலிருந்து இத்தகைய பணியில் ஈடுபட்டு வருவது உண்மை. ஆயினும், அணைக்குக் கிடைக்கும் பேரும் புகழும் வரப்புக்குக் கிடைப்பதில்லை.

யான் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன். கண்மாய் தூர்ந்தால் ஊர் என்னாகும் என்பதை ஏடு புரட்டி அறிய வேண்டியதில்லை. நிலவியலும் பொறியியலும் பயில வடக்கே வந்துள்ள தோழர்களே! ஆற்றை அணையில் தொடங்கிக் கற்க வேண்டா. முதல் மழைத்துளி விழும் மலைச்சரிவில் தொடங்கிக் கற்போம்.