தொடர்வண்டிக் காப்பும் புதிய சட்டமும்

வெள்ளையர் 1905-இல் இயற்றிய தொடர்வண்டி வாரியச் சட்டத்தை நீக்கி, அதன் கூறுகளை 1989-ஆம் ஆண்டுத் தொடர்வண்டிச் சட்டத்துள் சேர்க்கும் திருத்தம், 2024 திசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஒழிந்தது பழைய ஏடுதான், ஏற்பாடு ஒழியவில்லை. வாரிய உறுப்பினர் எத்தனை பேர், அவர்தம் தகுதி யாது என்பவற்றை நடுவணரசே முடிவு செய்யும் என்று எழுதியவர்கள், வண்டியேறும் மக்களின் உயிர்க்காப்புக்கெனத் தனியமைப்பு ஒன்றை நிறுவ ஒரு வரியும் எழுதினாரல்லர்.

காப்பு ஆணையர் இல்லையோ எனலாம். உளர். வாரியத்தின் பிடிக்குள் அகப்படாதிருக்கவே அவர்கள் வானூர்தித்துறை அமைச்சகத்தின்கீழ் வைக்கப்பட்டுள்ளனர். புதுத்தடங்களை ஆய்வதும், பெருநேர்ச்சிகளை உசாவுவதும் அவர்தம் பணிகள். ஆயின், அவர்கள் எடுக்கப்படுவது தொடர்வண்டித்துறை அலுவலர்களிலிருந்தே. ஓடும் தடம் ஒன்று ஊறு விளைக்கும் எனக் கண்டால் ஆணையர் நடுவணரசுக்கு எழுத வேண்டும். மூடச் சொல்லும் உரிமை அரசுக்கே என்கின்றது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். வண்டியை ஓட்டுவதும் அதே அரசுதான்! நோய் இன்னதென்று சொல்ல மருத்துவர் உண்டு. மருந்தூட்ட அவருக்குக் கையில்லை.

2023 சூன் 2-ஆம் நாள், சென்னை நோக்கி வந்த 'கோரமண்டல்' விரைவுவண்டி (சோழமண்டலம் என்னும் நற்பெயர் அயலார் வாயில் பட்ட பாடு இது) ஒடிசாவின் பாகநாகா பசார் நிலையத்தில் கிளைத்தடத்துள் புகுந்து, அங்கு நின்ற சரக்குவண்டியில் மோதியது. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைகாட்டிக் கம்பியிணைப்புப் பிழையே கரணியம் என்றார் ஆணையர். அதே கரக்பூர்க் கோட்டத்தில் 2022 மே திங்களிலேயே தவறான இணைப்பால் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்ததென்றும், அப்போதே திருத்தியிருந்தால் இக்கொடுமை நேர்ந்திராதென்றும் அவரது அறிக்கை கூறிற்று. ஓராண்டுக் காலம் இருந்தது, திருத்துவாரில்லை.

அமைச்சர் விலகுவதால் தீரும் குறையன்று இது. 1956-இல் அரியலூர் மருதையாற்றில் வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தபோது, இலால் பகதூர் சாத்திரி அமைச்சுப் பொறுப்பைத் துறந்தார். உயர்ந்த செயல்தான். எனினும், ஒருவர் விலகல் அடுத்த பாலத்தைத் தாங்காது.

அணுவறிஞர் அனில் ககோட்கர் தலைமையிலான குழு, வாரியத்துக்குக் கட்டுப்படாததும் சட்டவழி அமைவதுமாகிய காப்பு ஆணையம் வேண்டுமென 2012-இலேயே எழுதித் தந்தது. பதின்மூன்றாண்டு கழித்துச் சட்டத்தைத் திருத்த அமர்ந்தவர் கண்ணில் அவ்வறிக்கை படவில்லை போலும். தனி ஆணையம் பெருஞ்செலவு என்று அஞ்சினால், ஆணையர் பரிந்துரையை ஏற்காத வாரியம் அதற்குரிய கரணியத்தை நாடாளுமன்றத்தில் எழுத்துவழி வைத்தல் வேண்டும் என்னும் ஒரு பிரிவையேனும் சேர்த்திருக்கலாம். அதற்குச் செலவு ஒரு தாள்.