விண்கல்லுக்கு என்ன ஜாதி?

சாரல் காலத்தில் தென்காசி வழியாகக் குற்றாலத்திற்குச் செல்லும் ஜனங்கள், பேரருவிக்கருகே பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் லிங்கங்களைக் கண்டதும் கைகூப்புகின்றார்கள். மலையோடு மலையாய்க் கிடந்த பாறைக்கே இவ்வளவு மரியாதையென்றால், நாளை தென்காசி வயலொன்றில் ஆகாயத்திலிருந்து ஒரு கல் விழுமானால் அதன் கதி என்னவாகும்? 1815-ல் வடக்கே துராலா என்னும் ஊரில் அப்படி ஒரு கல் விழுந்தபோது, அதற்கு மாலை சூட்டியதோடு நில்லாமல், கோவில் கட்டவும் பணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நிற்க, நம் தமிழ்நாட்டுக் கல் ஒன்றின் சங்கதியைக் கேளுங்கள். 1890 ஜூன் 4-ந் தேதி, அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த காகங்கரையில் ஒரு விண்கல் விழுந்தது. கிடைத்தது சுமார் 350 கிராம்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அதைக் கும்பிடவில்லை, அறுத்துப் பார்த்தார்கள். கடுகு போன்ற உருண்டைகள் நிறைந்த கல்வகை விண்கற்களை அவர்கள் மூன்று பெரும் பிரிவாக வைத்திருந்தார்கள். காகங்கரைக் கல் மூன்றிலும் சேரவில்லை. உருண்டைகளுக்கிடையே பொடி மிகுந்திருப்பதில் ஒரு பிரிவை ஒத்திருந்தது. அந்தப் பொடியிலுள்ள தாதுவோ வேறு பிரிவை நினைப்பூட்டிற்று. அதிலுள்ள பிராணவாயு அணுக்களின் எடைக் கணக்கு எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை.

இனித் தென் துருவத்திற்கு வருவோம். அங்கு விழும் கற்கள் பனிக்கட்டியில் புதைந்து, அதனோடு மெல்ல நகர்ந்து, மலைகள் குறுக்கிடுமிடத்தில் தேங்குகின்றன. காற்று மேற்பனியைத் தேய்த்துக்கொண்டு போக, வெள்ளைத் தரையில் கறுப்புக் கல் வெளிப்படுகின்றது. 1987-88 பருவத்தில் லூயிஸ் கிளிஃப் என்னுமிடத்துக்கென எண்ணிடப்பட்ட 87232 என்ற கல்லைப் பரீட்சித்தபோது, அது காகங்கரைக் கல்லுக்கு உறவென்று தெரிந்தது. அமெரிக்காவில் கிடைத்த இன்னொன்றும் சேர்ந்தது. 1996-ல் இம்மூன்றையும் விரிவாக ஆராய்ந்து, காகங்கரையின் பெயராலேயே ஒரு சிறு கூட்டமாக வைத்தார்கள். ஐந்து கற்களாவது கிடைத்தாலன்றி முழுப் பிரிவென்று சொல்லுவதில்லை என்பதும் அவர்களது கட்டுப்பாடு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கல் ஏட்டுக்கு அடங்கவில்லையென்றதும் கல்லைக் குறை சொல்லாமல் ஏட்டைத் திருத்தினார்கள் என்பதேயாகும். எங்கு விழுந்தது, யார் எடுத்தார்கள் என்பதைக் கொண்டு அதற்கு உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை. உள்ளே இருப்பதைச் சோதித்தே இனம் கண்டார்கள். உயிரற்ற கல்லுக்குக் கிடைத்த இந்த நியாயம் மனிதனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்கின்றோம். வைதீகர்களின் ஏடோ, பிறந்த வீட்டைக் கேட்டே ஒருவனுக்கு ஜாதி வைத்துவிடுகின்றது. அவனிடம் என்ன இருக்கின்றதென்று அது பார்ப்பதுமில்லை. அதைத் திருத்துவது பாவமென்றும் சொல்லுகின்றது.

ஆகவே தோழர்களே, உங்கள் வயலில் அப்படி ஒரு கல் விழக் கண்டால் பாலும் எண்ணெயும் ஊற்றாதீர்கள், குங்குமம் பூசாதீர்கள். அவை கல்லில் ஊறிப் பரீட்சையையே கெடுத்துவிடும். விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்து, சுத்தமான காகிதத்தில் சுற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். ஏறக்குறைய 456 கோடி வருஷத்துச் சரித்திரம் அதற்குள் இருக்கின்றது. கும்பிடுகிறவனுக்கு அது ஒருநாளும் வாய் திறக்காது; கேள்வி கேட்கிறவனுக்கே சொல்லும்.