தோட்டாக் கூட்டின் ஆயுளை எண்ணிக்கையில் தேடாதீர்கள்

அமெரிக்காவில் ரைபிள் சுடுபவர்கள் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, அளந்து மருந்து நிரப்பி, குண்டைச் செருகி மறுபடி சுடுகிறார்கள். இந்தியாவில் உரிமமின்றி இதைச் செய்தால் குற்றம்; இங்கே அமெரிக்காவில் இது சட்டப்படியான பழைய பொழுதுபோக்கு. டெக்சாஸில் குடியேறிய உலோகவியல்காரனான நானும் இதைச் செய்கிறேன். புதிதாக இதில் இறங்கும் நம்மூர்ப் பையன்கள் என்னிடம் கேட்பதெல்லாம், “ஒரு கூடு எத்தனை தடவைக்கு வரும் அண்ணே?” என்பதுதான். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

கூடு என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. மருந்து எரியும்போது அதன் மெல்லிய சுவர் விரிந்து துப்பாக்கியில் தோட்டா அமரும் சேம்பரைக் கவ்விக்கொள்கிறது. கெட்டியான அடிப்பாகமோ பின்னால், சேம்பரை அடைத்திருக்கும் போல்ட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. இந்த இழுபறியில், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் நீண்டு மெலிகிறது. அடுத்த முறை நிரப்பும் முன் டை என்ற அச்சில் அழுத்திக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கூடு கழுத்தாகக் குறுகும் இடமான தோளை அளவுக்கு மீறிக் கீழே தள்ளிவிட்டால், அடுத்த வெடியில் அதே இடம் மறுபடி நீளும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தோளைத் தள்ளக்கூடாது. ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பதில் டையைப் பூட்டுபவரின் கைக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு பங்கு வேகத்தின் மீதுள்ள ஆசைக்கு. 1935-இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், நொடிக்கு 4,000 அடிக்கு மேல் குண்டை அனுப்பியது. கூடு சீக்கிரம் நீள்கிறது, கழுத்தை அடிக்கடி வெட்டிச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது என்ற பெயரும் அதோடு சேர்ந்தே வந்தது. பழைய .30-30 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு; வேகமான .22-250-க்கு 65,000. இந்த வரம்பை நெருங்கிய பிறகு மருந்தைக் கூட்டினால் வேகம் கொஞ்சம்தான் ஏறும், அழுத்தம் மளமளவென ஏறும். பிரைமர் உட்காரும் குழி தளர்ந்து, நல்ல கூடும் சில வெடிகளிலேயே வீணாகும். நூறு கெஜத்தில் காகித இலக்கைச் சுடுபவருக்கு அந்தக் கடைசிக் கொஞ்ச வேகம் எதற்கு?

பித்தளை தன் வேதனையை வெளியே காட்டாது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் சுடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, கூட்டை உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதை விளக்கினார்கள். சூடேற்றி இறுக்கத்தைத் தணிப்பதே தீர்வானது. அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைக் கூட்டில் தேய்க்காதே என்று இன்றும் எச்சரிப்பது இதனால்தான்.

பாத்திரம் அடிக்கும் கன்னார் அறிந்த சங்கதி இது: அடிக்க அடிக்கப் பித்தளை முறுகும், காய்ச்சினால் இளகும். கூட்டின் கழுத்தும் அப்படியே. சில முறை சுட்டபின் கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்கினால் அது பிளக்காமல் உழைக்கும். சூடு அடிப்பாகத்துக்கு இறங்கிவிடக்கூடாது. அங்கே இளகிய பித்தளை அழுத்தத்தைத் தாங்காது.

என் மேசையில் எப்போதும் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், நுனியை மட்டும் மடித்துக் கூராக்கியது. கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுப்பேன். சுவர் மெலிந்திருந்தால் நுனி ஒரு பள்ளத்தில் இடறும். அப்படிப்பட்ட கூட்டை நெடுக்காக அறுத்தால் உள்ளே வளையமாகக் குழிந்திருப்பது தெரியும். சில சமயம் வெளியிலும் அதே இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு தென்படும். அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம்.

ஒரு கூடு இப்படிக் காட்டிக்கொடுத்தால், அதே பெட்டியில் அதே அளவு உழைத்த மற்றவற்றையும் கழித்துவிட வேண்டும் என்பேன். “இன்னும் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பவர்கள், கூட்டின் விலையைக் கண்ணின் விலையோடு வைத்துப் பார்க்கட்டும். மருந்தை வரம்புக்குக் கீழே நிறுத்துங்கள், ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள், சந்தேகம் வந்தால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மைதானத்தில் நிற்காதீர்கள். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர் கடையில் புதுத் தோட்டா வாங்கிச் சுடுவதே அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் நல்லது.