குமருக்கு வீடு: இந்தக் கணக்கை யார் போட்டது?

மற்ற ஊர்களில், சம்பளம் எடுக்கிற ஒருவர் சொந்தமாக வீடு வாங்க ஏலுமா என்று கேட்பார்கள். மருதமுனையில் அதே கேள்வி வேறு மாதிரி வரும்: "வீட்டில எத்தன குமர் இரிக்கி?" ஒன்று என்றால், "பரவாயில்ல, அல்லாஹ் லேசாக்குவான்" என்பார்கள். மூன்று என்றால் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்கு எவ்வளவு செலவு என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். எங்கட கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பாவும் நானா, தம்பிமாரும் சேர்ந்து கட்டிக் கொடுக்க வேண்டும். மூத்த மகளுக்கு இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு குசினியோடு ஒதுங்கிய உம்மா வாப்பாமார் இங்கே எத்தனையோ பேர். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. பாண்டிருப்பில், கல்முனையில் இருக்கிற தமிழ் குடும்பங்களிலும் இதே கதைதான். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடியிருப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இனிக் கணக்கு. தனியார் துறையில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. கடையில் நிற்கிற, ஹோட்டலில் வேலை செய்கிற எங்கட கூட்டாளிமாருக்கு இதுதான் அளவுகோல். தறியில் இருக்கிறவருக்கு அந்த அளவுகோலும் இல்லை, நெய்த சாரனுக்குத்தான் கூலி. சரி, 30,000 என்றே வைப்போம். வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 800 சதுர அடியில் சின்ன வீடு, சதுர அடிக்கு 7,000 ரூபா என்று இரக்கத்தோடு கணக்குப் போட்டாலும் 56 லட்சம். காணி விலை இதில் இல்லை. சாப்பிடாமல், உடுக்காமல், மருந்து எடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் பதினைந்தரை வருடம். பாதியைச் சேர்த்தால் 31 வருடம். இரண்டு குமர் என்றால் 62 வருடம். இருபது வயதில் உழைக்கத் தொடங்கிய ஒரு வாப்பா 82 வயதில் கடமையை முடிப்பார்.

இதெல்லாம் விலை அசையாமல் நின்றால்தான். 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். முந்திய வருடக் கடைசியில் 1,300 ரூபாவுக்குள் கிடைத்த சீமெந்துப் பக்கட் அந்த வருடம் 3,000ஐத் தாண்டியது. டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. ஏப்ரல் மாதம் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அத்திவாரம் போட்டு, லிண்டல் மட்டத்தில் நிறுத்திய வீடுகளை ஊருக்குள் நடந்து போனால் இப்பவும் பார்க்கலாம். கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் தள்ளிப்போன ஒரு கல்யாணம் இருக்கிறது.

அடுத்தது காணி. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு. ஊர் எந்தப் பக்கம் வளரும்? வயலை நிரப்பி வீடு கட்டுவதென்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். அந்தச் சட்டம் தேவையானதுதான். எல்லா வட்டையையும் மூடிவிட்டு மழைத்தண்ணி வீட்டுக்குள்ளே வருகிறது என்று அழ ஏலாது. ஆனால் இருக்கிற காணி கூடாதபோது, ஒவ்வொரு குமருக்கும் தனி வளவு, தனி மதில், தனி கேற் என்று கேட்டால் விலை எங்கே போகும்? ஒரு காலத்தில் ஒரு வளவாக இருந்த இடம் இன்றைக்கு ஆறு பேர்ச்சஸ் துண்டுகள். அடுத்த தலைமுறைக்குத் துண்டு போடவும் மிச்சமில்லை.

2004 டிசம்பர் 26 இருந்த இடத்தையும் சுருக்கியது. கடலோரத்தில் கட்டக்கூடாத எல்லை கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். "65 மீற்றர்" என்ற சொல்லே எங்கட ஊரில் ஒரு குடியிருப்பின் பெயராகிவிட்டது. கடற்கரையில் வீட்டை இழந்த குடும்பம் சீதன வீட்டையும் சேர்த்தே இழந்தது. அதே நேரம், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டின 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பத்து வருடத்துக்கும் மேலாக ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன. வீடில்லாத மக்கள் ஒரு பக்கம், மக்களில்லாத வீடுகள் மறுபக்கம். அரசியல்வாதிகள் இரண்டுக்கும் நடுவில் நின்று படம் எடுத்தார்கள்.

அரசைத் திட்டுவது லேசு. ஆனால் சீதன வீட்டை அரசு கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம். எங்கட உம்மாமார் கேட்கிறார்கள். "நாங்க ஒண்டும் கேக்கல்ல, உங்கட புள்ளைக்கு நீங்க செய்றதச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு பிளேட் போட்டாச்சா, டைல்ஸ் பதிச்சாச்சா என்று விசாரிக்க ஆள் அனுப்புவதும் கேட்பதுதான்.

இதில் நசுங்குகிறவர்கள் வாப்பாமார் மட்டுமல்ல. எங்கட குழுவில் ஒருவர் கட்டாரில் ஒன்பது வருடம் இருந்தார். இரண்டு தங்கச்சிமாருக்கு வீடு எழும்பியது. இப்போது 36 வயது. அவருக்குப் பெண் பேசும்போது, அந்தப் பெண்ணின் நானா சவூதியில் இருந்துகொண்டு இவருக்காக ஒரு வீடு கட்டுகிறார். ஒருவர் தங்கச்சிக்குப் பட்ட கடனை இன்னொருவரின் நானாவிடம் அறவிடுகிறோம். இந்தச் சங்கிலியை யாராவது ஒருவர் அறுக்காவிட்டால் எங்கட பிள்ளைகளும் இதிலேதான் மாட்டுவார்கள்.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானது: "வீடு பொம்புளப்புள்ளைர பேர்ல இரிக்கிறதாலதான் அவள ஒருத்தனும் வெளிய போ எண்டு சொல்ல ஏலாம இரிக்கி." உண்மை. தலாக் ஆனாலும், மாப்பிள்ளை மௌத்தானாலும் எங்கட உம்மாமாரும் ராத்தாமாரும் தெருவுக்கு வரவில்லை. இந்தப் பாதுகாப்பைப் பறிக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. பெண்ணின் பெயரில் வீடு இருக்கட்டும். அதற்கான காசை அவளின் குடும்பம் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்று சூரா நிஸாவில் இருக்கிறது. மனைவிக்குக் குடியிருக்க இடம் கொடுப்பது கணவன் பொறுப்பு என்று பிக்ஹுக் கிதாபுகளில் இருக்கிறது. குத்பாவில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே மறந்துவிடுகிறோம்.

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மாப்பிள்ளைமாரே, வீடு முடிந்தால்தான் நிக்காஹ் என்ற பேச்சை உங்கட வாயாலேயே நிறுத்துங்கள். இரண்டு பேரும் உழைத்து, இரண்டு குடும்பமும் சேர்ந்து, அவள் பெயரில் மெல்ல மெல்லக் கட்டுங்கள். அதுவரை உம்மா வீட்டு மேல்மாடியிலோ வாடகை வீட்டிலோ இருப்பது மானக்கேடு இல்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களே, ஸகாத்தில் ஒரு பகுதியைப் பாதியில் நிற்கிற வீடுகளுக்கு ஒதுக்குங்கள், வட்டியில்லாக் கடனுக்கு ஒரு நிதியைத் தொடங்குங்கள். மாநகர சபைக்குப் போகிறவர்களே, தனித்தனி வீட்டுத் திட்டத்துக்குக் காணி தேடியது போதும். இருக்கிற காணியில் மாடிக் குடியிருப்புக்குத் திட்டம் போடுங்கள்.

எங்கட குழுவில் கல்யாணம் முடிக்காத ஆண்கள் ஏழு பேர் இருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுத முன், வீடு கேட்க மாட்டோம் என்று எங்களுக்குள்ளே பேசி முடித்துவிட்டோம். இனி வீட்டுக்குப் போய் உம்மாமாரிடம் சொல்ல வேண்டும். இதை எழுதியதைவிட அது கஷ்டமான வேலை என்று எங்களுக்குத் தெரியும்.