சென்னை மக்களே, உங்கள் பங்கைக் கேட்டு வாங்குங்கள்

இந்த 2012ஆம் ஆண்டு தீபாவளி வரும் நவம்பர் 13ஆம் தேதி. தி.நகர் கடைகளின் முகப்பு விளக்குகளைப் பத்திரிகைப் படங்களில் பார்க்கிறோம். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பகுதிகளில் லேத் பட்டறை நடத்தும் நாங்கள், ஆட்களுக்கு போனஸ் கொடுக்க வழி தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறோம். அரசுக்கு எழுதியாகிவிட்டது. கதவடைப்பு, உண்ணாவிரதம் எல்லாம் ஆகிவிட்டது. இனிக் கேட்க வேண்டிய இடம் நீங்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மின் தேவை சுமார் 12,000 மெகாவாட். பற்றாக்குறை ஏறக்குறைய 4,000. கடந்த பிப்ரவரி 27 முதல் மின்வெட்டு சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்று அரசு அறிவித்தது. உங்களுக்குச் சொன்ன 2 மணி நேரம் இன்றும் அப்படியே இருக்கிறது. எங்களுக்குச் சொன்ன 4, காற்றாலை சீசன் முடிந்த பிறகு 14 ஆகிவிட்டது. சில ஊர்களில் 16. ஒரே மாநிலம், ஒரே மின்வாரியம், ஏப்ரலில் ஒரே நாளில் ஏறிய 37 சதவீதக் கட்டண உயர்வு. பந்தியில் ஒரு வரிசைக்கு முழுச் சாப்பாடு, மறு வரிசைக்கு வெறும் இலை என்றால், சாப்பிடுகிறவருக்கும் சோறு இறங்கக் கூடாது.

பதினான்கு மணி நேரம் என்றால் மிச்சம் பத்து மணி நேரம் வேலை நடக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பத்து மணி நேரம் சேர்ந்தாற்போல வருவதில்லை. ஒரு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். வந்த ஒரு மணியிலும் மும்முனை மின்சாரம் முழுதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கடைசல் பாதியில் நின்றால் டூல் உடைகிறது, ஜாப் வீணாகிறது, அந்த இரும்பின் விலை எங்கள் தலையில் விழுகிறது. பிளாஸ்டிக் மோல்டிங் போடுகிறவர் நிலை இன்னும் மோசம். உருகிய பொருள் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். அதைச் சுத்தம் செய்து சூடேற்றி முடிப்பதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும்.

ஜெனரேட்டர் ஓட்டலாமே என்பார்கள். செப்டம்பரில் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. ஜெனரேட்டரில் ஒரு யூனிட் எடுக்க ஆகும் செலவு மின்வாரியக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜாப் ஒர்க் கூலியோ பழைய கூலிதான். எங்களுக்கு வேலை தரும் பம்பு கம்பெனிக்காரர் எங்களுக்காக விலையை ஏற்றித் தரப்போவதில்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில் வாங்கிக்கொள்வார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ரயிலேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதியைத்தான் எண்ணிக் கொடுக்கிறோம். வங்கி மட்டும் தவணையில் பாதியை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்லமாட்டோம். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு, வாரம் ஒருநாள் மின் விடுமுறை, மாலை உச்ச நேரத்தில் கட்டுப்பாடு என்று ஆணைகளுக்குக் குறைவில்லை. 2008 நவம்பரில் தொடங்கிய கட்டுப்பாடு, ஆட்சி மாறியும் மாறவில்லை. போன மாதம் சூரிய மின் கொள்கை வந்தது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்கிறது. வரட்டும். தில்லி தனக்கு வேண்டாமென்று ஒப்படைத்த 1,721 மெகாவாட்டைத் தரும்படி முதல்வர் மத்திய அரசிடம் கேட்கிறார். தென் மாநிலங்களுக்குக் கொண்டுவர வழித்தடத்தில் இடமில்லை என்று பதில் வருகிறது. கூடங்குளம், வல்லூர், மேட்டூர், வடசென்னை புதிய மின் நிலையங்கள் எல்லாமே ‘விரைவில்’தான். விலையில்லா கிரைண்டர் கொடுத்தார்கள். கிரைண்டருக்குப் பேர்போன கோவையிலேயே அதை ஓட்டக் கரண்ட் இல்லை.

இதற்கெல்லாம் எந்த ஆட்சி காரணம் என்ற பட்டிமன்றத்துக்கு உங்களை அழைக்கவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். இருக்கிற பற்றாக்குறையைச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். சென்னையின் தேவை மட்டுமே 2,000 மெகாவாட்டை ஒட்டி வருகிறது. மருத்துவமனை, குடிநீர், ரயில் போன்றவற்றை விட்டுவிட்டு, பகலில் பகுதி பகுதியாக இன்னும் 2 மணி நேரம் நிறுத்தினால், எந்த நேரமும் சுமார் 300 மெகாவாட் கிடைக்கும். எங்கள் கஷ்டம் அதில் தீர்ந்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் சேர்ந்தாற்போல சில மணி நேரம் கரண்ட் தர அது உதவும்.

சென்னையில் வெட்டைக் கூட்டினால் மக்கள் கொதிப்பார்கள் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். எட்டு மாதமாக நாங்கள் கொதிப்பது யார் காதிலும் விழவில்லை. தலைமைச் செயலகம் இருக்கும் ஊரில் விளக்கு எரியும்வரை, பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உறைக்காது. இதில் நீங்கள் காக்கும் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதைக் கசப்போடுதான் சொல்கிறோம்.

கோடையில் தேவை இன்னும் ஏறும். அதற்குள் மூடப்படும் பட்டறைகள் கரண்ட் வந்தாலும் திறக்கப்போவதில்லை. விற்ற மெஷினைத் திரும்ப வாங்க எங்களிடம் பணமில்லை. அதனால் இந்த வாரமே உங்கள் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் சொல்லுங்கள், பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்: ‘எங்களுக்கும் நான்கு மணி நேரம் நிறுத்துங்கள்.’ தீபாவளிக்குக் கடை முகப்பு அலங்கார விளக்குகளை அணைக்கச் சொல்லி வியாபாரிகளிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
கோவை குறுந்தொழில் பட்டறைக்காரர்கள்
நவம்பர் 2012