ஆஸ்பத்திரி பாக்கிக்கு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வேண்டாம்

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பாக்கிக்காகப் போடப்படும் வழக்குகள் பெரும்பாலும் விசாரணை இல்லாமலே முடிகின்றன. நோயாளி கோர்ட்டுக்கு வருவதில்லை. பில் சரியா, தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அடுத்து சம்பளத்தில் கை வைப்பார்கள். நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் எனக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயம் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டி, "இதென்ன சார், புதுசா ஒரு பிடித்தம்?" என்று கேட்டார். சோஷியல் செக்யூரிட்டிக்குக் கீழே, கோர்ட் உத்தரவு என்ற பெயரில் மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போயிருந்தது. மனைவிக்குச் செய்த பித்தப்பை ஆபரேஷனின் பாக்கி அது. சம்மன் அவர்கள் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போயிருக்கிறது. இங்கே பதிவுத் தபாலில் ஒன்று, சாதாரணத் தபாலில் ஒன்று அனுப்புவார்கள். சாதாரணத் தபால் திரும்பி வராவிட்டால், கைக்குக் கிடைத்ததாகவே கணக்கு. பதில் போட 35 நாள் அவகாசம். அவருக்கு வழக்கு இருப்பதே தெரியாது.

வசூல் ஏஜென்டோ, "கிரீன் கார்டுக்கே சிக்கலாகும்" என்று போனில் மிரட்டியிருக்கிறார். இப்படிப் பொய் மிரட்டல் விடுவதும், காலை எட்டுக்கு முன்போ இரவு ஒன்பதுக்குப் பிறகோ கூப்பிடுவதும் 1977ஆம் ஆண்டுக் கடன் வசூல் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. கிரீன் கார்டைப் பறிக்கும் அதிகாரம் எந்த வசூல்காரருக்கும் கிடையாது. அதைச் சொன்ன பிறகுதான் கூட வந்திருந்த அவர் மனைவியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

என்னை ஆத்திரப்படுத்துவது வேறு. அவர் வருமானத்துக்கு அந்த பில் வந்திருக்கவே கூடாது. சொத்து வரம்புக்கு உட்பட்டு, வறுமைக்கோட்டைப் போல இரண்டு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரிக் கட்டணம் இலவசம். மூன்று மடங்கு வரை சலுகை. வரிவிலக்கு பெறும் ஆஸ்பத்திரிகள் முதல் பில்லிலிருந்து 120 நாள் வரை வழக்குப் போடக் கூடாது, 240 நாள் வரை உதவி மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மத்திய வரிச் சட்டமும் சொல்கிறது. ஆனால் உதவி கிடைப்பது நோயாளி கேட்டால்தான். வலியோடு வந்து, ஆங்கிலத்தில் நீட்டிய படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவருக்கு, கேட்க வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

பாக்கியை வசூலிக்காமல் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்பார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை ஆறு ஆண்டுகளில் 36,000க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்ட விவரம் 2019இல் பத்திரிகையில் வந்தது. விஷயம் அம்பலமானதும் கொள்கையை மாற்றினார்கள். 2021இல் பழைய தீர்ப்புகளைக் கைவிடுவதாகவும் அறிவித்தார்கள். ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. 2022இல் நியூயார்க் மாநிலம், ஆஸ்பத்திரிகள் சம்பளத்தையோ குடியிருக்கும் வீட்டையோ தொடக் கூடாது என்று சட்டம் போட்டது.

நியூ ஜெர்சியும் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வறுமைக்கோட்டின் ஆறு மடங்குக்குக் குறைவான வருமானம் உள்ளவரின் சம்பளத்தை மருத்துவக் கடனுக்காகப் பிடிக்க முடியாது. வட்டியும் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடாது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அது தீர்ப்பு வருவதையே தடுப்பதில்லை. இங்கே ஒரு தீர்ப்புக்கு ஆயுள் 20 ஆண்டு.

ஆகவே தீர்ப்பு பிறக்கும் இடத்திலேயே தடுப்பு வேண்டும். இந்த நோயாளிக்கு இலவச சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்று ஆஸ்பத்திரி விசாரித்ததற்கு அத்தாட்சி இல்லாமல், எதிராளி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த நீதிபதியும் கையெழுத்திடக் கூடாது. கடனை வேறு கம்பெனி வாங்கியிருந்தாலும் அதே விதி பொருந்த வேண்டும். டிரென்டனில் இருக்கும் நம் மாநில சட்டமன்றம் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும்.