பங்கா? படியளப்பா?

கொற்கை முத்தால் உலகறிந்த கடல் நம் கடல். ஆங்கிலராட்சியில் முத்துக்குளி நிகழ்ந்தபோது, குளியாளர் மூச்சடக்கி அள்ளிய சிப்பியில் மூன்றில் இரு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. ஒரு பங்கே குளியாளரைச் சேர்ந்தது. கொடிய பங்கீடுதான்! ஆயினும் அவ்வொரு பங்கு உழைப்பின் உரிமை; எவரிடமும் இரந்து பெற்றதன்று. 1961-ஓடு இக்கரையில் முத்துக்குளி நின்றது. இன்று கடற்கரை உழைப்பாளர்க்கு அரசு தருவது பங்கன்று, துயர்துடைப்புத் தொகை.

அரசின் நலத்திட்டங்கள் வறுமையைப் போக்குகின்றனவா, பெருக்குகின்றனவா? 'கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பராக்கிவிட்டனர்' என்பார் ஒருசாரார். வயிறு நிறைந்தார் கூற்று அது! 1956-இல் காமராசர் எட்டையபுரத்தில் தொடங்கிவைத்த பகலுணவுத் திட்டமும், 1982-இல் ம.கோ.இரா. விரிவாக்கிய சத்துணவும் எவரைச் சோம்பராக்கின? மாடு மேய்க்கச் சென்றிருக்க வேண்டிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தது அச்சோறே. கற்றவன் தன் காலில் நின்றான். நிற்க வைக்கும் உதவியே உதவி.

ஆனால் எல்லா உதவியும் அத்தகையதா? நம் உப்பளங்களைப் பாருங்கள். இந்தியாவில் குசராத்திற்கு அடுத்து உப்பு மிகுதியாக விளைவது தமிழகத்தில். அதிலும் தூத்துக்குடியே தலைமையானது. கண்கூசும் வெயிலில், உப்புநீர் அடியை அரிக்க, பாத்தியில் உப்பு வாருவோரையும் சுமக்கும் பெண்டிரையும் சோம்பர் என்பார் உளரா? மழைத் திங்கள்களில் அவர்க்கு வேலையில்லை. 2022-இல் அரசு, அக்குதோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களுக்குக் குடும்பத்திற்கு 5000 உருபா அறிவித்தது. 92 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 உருபா!

அத்தொகையை நாம் பழிக்கவில்லை, அது அடுப்பெரிக்கிறது. ஆயின், ஒன்பது திங்கள் உழைத்தவன் மூன்று திங்களுக்குச் சேமிக்க இயலாதது ஏன்? கூலி குறைவு. அக்குறையை அளமுதலாளி ஈடு செய்யாமல் பொதுப்பணம் ஈடு செய்கிறது. குறைந்த கூலி குறைந்தபடியே நிற்கிறது. உதவி உழைப்பாளிக்கு, ஊதியம் முதலாளிக்கு! வறுமை வேரூன்றும் வழி இதுவே.

மீனவர் நிலையும் வேறன்று. கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடல் புகலாகாது. மீனினம் பெருக, நாட்டின் நலனுக்காகத் தொழிலை நிறுத்துகின்றனர். 2023-இல் 8000 உருபாவாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்ட தொகை, நாளுக்கு 131 உருபாவே. பொதுநலனுக்காக நிறுத்திய தொழிலுக்குத் தருவது ஈகையா, கடமையா?

ஒரு கையால் கொடுத்த அரசே மறு கையால் பறிப்பதும் உண்டு. 2003 முதல் குடிக்கடைகளைத் தானே நடத்தும் அரசு, நலத்தொகையின் ஒரு பகுதியை மாலைக்குள் மீட்டுக்கொள்கிறது!

வேண்டுவன இவை: உப்பு விற்பனையில் ஒரு பகுதியை ஒதுக்கி, மழைக்கால ஊதியத்தை முதலாளியின் கடமையாக்குக! அரசுக்குரிய அளநிலங்களை உழைப்போர் கூட்டுறவுகளுக்கே முதலிற் குத்தகைக்கு விடுக! தடைக்காலத் தொகையை மெய்யான வருவாய்க்கு ஈடாக்குக! குடிக்கடைகளை மூடுக!

தமிழீர்! இரத்தலின் இழிவை உணர்த்த 'இரவச்சம்' எனத் தனியதிகாரமே வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. 1908-இல் இதே தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ. சிதம்பரனார் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது சோறன்று, கூலியுயர்வும் ஓய்வும். கேட்டனர், பெற்றனர். நாமும் படியளப்புக்குக் காத்திராமல் பங்கு கேட்போம்!